வாக்கர் கேட்ட சத்தம்

கப்பலில் எஞ்சின் ரூம் இருப்பது கடல் மட்டத்துக்குக் கீழே. அங்கே நான் 11 வருஷம் வேலை பார்த்தேன். கையை நீட்டினால் இரும்புத் தகடு தொடும். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். தகட்டின் கனம் ஒரு விரல் அகலம் இருந்தால் அதிகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நினைத்துப் பயந்தேன், அப்புறம் பழகிவிட்டது. ஆனால் 2002 டிசம்பரில் ஒரு ராத்திரி அந்தப் பயம் திரும்பி வந்தது. அந்தப் பயணத்தில்தான் நீர்மூழ்கிகளைத் தேடி அழித்த வாக்கர் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

கனடாவின் ஹாலிஃபேக்ஸில் கோதுமை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் தேர்டு இன்ஜினியர். பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் வாட்ச். அட்லாண்டிக் குளிர்கால அலை பக்கவாட்டில் அடிக்கும்போது தகடு முழுக்க ஒரு முனகல் கேட்கும். இதே பாதையில், இதே மாதத்தில், இதேபோலக் கோதுமை ஏற்றிப் போன கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் டார்பிடோ போட்டு மூழ்கடித்த காலம் ஒன்று இருந்ததே என்று அப்போது தோன்றியது. டெக்கில் இருப்பவனுக்கு லைஃப் போட் வரை ஓட ஒரு வாய்ப்பு உண்டு. கீழே இருப்பவனுக்கு மூன்று மாடி உயரத்துக்கு இரும்பு ஏணிதான். விளக்கு அணைந்து, நீராவிக் குழாய் வெடித்து, தண்ணீர் இடுப்பளவு ஏறிய பிறகு அந்த ஏணியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் நம் நாட்டவர் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். லஸ்கர் என்று பெயர். இன்று பங்களாதேஷில் இருக்கிற சில்ஹெட் பக்கத்திலிருந்து போனவர்கள் பெரும்பாலும் எஞ்சின் பக்கம், கரி அள்ளிப் போடுகிற வேலை. அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கிற நினைவுப் பதிவேடுகளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. கல்லறை கிடையாது, கடல்தான்.

லிவர்பூலில் சரக்கு இறங்க நாலு நாள் ஆனது. ஒரு மதியம் ஊருக்குள் போனேன். மெர்சி ஆற்றங்கரையில், பியர் ஹெட் என்கிற இடத்தில், ஒரு கடற்படை அதிகாரியின் சிலை நிற்கிறது. அரசரோ பிரபுவோ குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற பெரிய சிலை இல்லை இது. ஆள் உயரத்துக்கு ஒரு மனிதர், அவ்வளவுதான். 1998-இல் வைத்தது. கேப்டன் ஃபிரெடெரிக் ஜான் வாக்கர் என்று போட்டிருந்தது. அதற்கு முன் அவர் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று தொடங்கி இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இத்தனை வருஷம் மனசில் கிடந்ததை இப்போதுதான் எழுத வாய்த்திருக்கிறது.

வாக்கர் 1896-இல் பிளிமத்தில் பிறந்தவர். அப்பாவும் கடற்படைதான். 1909-இல், 13 வயதில், கேடட்டாகச் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார். முதல் உலகப் போரில் முதலில் ஒரு பெரிய போர்க்கப்பலிலும் அப்புறம் டெஸ்ட்ராயர்களிலும் இருந்தார். அதுவரை எல்லோருக்கும் இருக்கிற பாதைதான்.

போர் முடிந்த பிறகு அவர் எடுத்த முடிவுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. நீர்மூழ்கி எதிர்ப்பு என்கிற துறையைத் தேர்ந்தெடுத்தார்.

இன்றைக்கு அது பெரிய துறையாகத் தெரியலாம். 1920-களில் அப்படி இல்லை. பிரிட்டிஷ் கடற்படையில் மேலே வர வேண்டுமென்றால் பீரங்கித் துறைதான். பெரிய கப்பல், பெரிய பீரங்கி, அட்மிரலின் கண்ணில் படுகிற வேலை. நீர்மூழ்கியைத் தேடுகிற வேலை என்பது சின்னக் கப்பலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. இத்தனைக்கும் 1917 ஏப்ரலில், ஒரே மாதத்தில், ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களை இழந்து பட்டினியின் வாசல் வரை போய்விட்டு வந்த நாடு அது. இருபது வருஷத்தில் மறந்துவிட்டார்கள். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் தேடுகிற ஆஸ்டிக் என்ற கருவி வந்துவிட்டது, இனி நீர்மூழ்கியைப் பற்றிப் பயமில்லை, 1917-இல் வந்த நிலைமை இனி வரவே வராது என்று 1937-இல் கடற்படைத் தலைமையே எழுதி வைத்தது.

வாக்கர் போர்ட்லண்டில் இருந்த நீர்மூழ்கி எதிர்ப்புப் பள்ளியில் படித்தார், பிறகு அங்கேயே 1937-இலிருந்து சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். நடுவில் சீனக் கடலில் ஃபால்மத் என்ற சின்னக் கப்பலுக்குத் தலைமை. கமாண்டர் பதவி வரை வந்தார். அடுத்த படி கேப்டன். அந்தப் பட்டியல் வரும்போதெல்லாம் அவர் பெயர் அதில் இல்லை. கடைசியில் சீக்கிரமே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற வரிசையில் அவரைச் சேர்த்திருந்தார்கள். 1939-இல் போர் வந்தது. அதனால்தான் அவர் வேலை தப்பியது. அப்போது வயது 43, மூன்று மகன்கள், ஒரு மகள்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தவர் எங்கள் கப்பலின் ஃபிட்டர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷம் கடலில் இருந்தவர். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை ஜெனரேட்டர் பேரிங்மேல் வைத்து, மரப்பிடியைக் காது எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சுற்றிலும் ஆளைச் செவிடாக்குகிற இரைச்சல். ஒரு நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க காத வச்சுப் பாருங்க. ரெண்டு சத்தம் கேக்குதா? ரெண்டாவது சத்தம் நேத்து இல்ல" என்பார். எனக்கு ஒரு சத்தம்தான் கேட்கும். மூன்று நாள் கழித்து அந்தப் பேரிங்கைக் கழற்றினால் உள்ளே தேய்ந்திருக்கும். அவரை ஒரு படி மேலே ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்து அவர் ஃபிட்டராகவே சேர்ந்து ஃபிட்டராகவே இறங்கினார்.

சரி, வாக்கருக்கு வருகிறேன்.

போர் தொடங்கியும் உடனே அவருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. டோவரில் அட்மிரல் ராம்சேயின் கீழ் அலுவலக வேலை. 1940-இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்டபோது அங்கே உழைத்தார். கடலில் கப்பல்கள் கொத்துக் கொத்தாக மூழ்கிக்கொண்டிருந்தன. இருபது வருஷம் நீர்மூழ்கியைப் பற்றி மட்டுமே யோசித்த ஆள் கரையில் உட்கார்ந்திருந்தார். 1941 இலையுதிர் காலத்தில்தான் ஸ்டார்க் என்ற ஸ்லூப்பும் 36-ஆவது எஸ்கார்ட் குழுவும் அவரிடம் வந்தன. ஸ்லூப் என்றால் டெஸ்ட்ராயரைவிடச் சின்னது, வேகம் குறைவு, கான்வாய்க்கு, அதாவது கூட்டமாகச் சேர்ந்து போகிற சரக்குக் கப்பல்களுக்கு, துணையாகப் போவதற்கென்றே இருக்கிற கப்பல். குழுவில் கார்வெட் என்ற இன்னும் சின்னக் காவல் கப்பல்களும் இருந்தன, அவற்றுக்கெல்லாம் பூக்களின் பெயர். மேரிகோல்ட், கார்டீனியா, ரோடோடென்ட்ரான். அந்தச் சின்னப் பூக்களை நம்பித்தான் அட்லாண்டிக் இருந்தது.

குழுவுக்கு அவர் எழுதிக் கொடுத்த கட்டளைக் குறிப்பில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். யாரும் என் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம், கையில் இருக்கிற வேலையைச் செய்துகொண்டு போன எந்த அதிகாரியையும் நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். ராணுவத்தில் இதை எழுத்தில் கொடுக்கிற மேலதிகாரி அபூர்வம். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார்.

1941 டிசம்பர் 14-ஆம் தேதி ஜிப்ரால்டரிலிருந்து எச்.ஜி. 76 என்ற கான்வாய் கிளம்பியது. 32 சரக்குக் கப்பல்கள். கூடவே ஆடாசிட்டி என்ற கப்பல். ஜெர்மானியர்களிடமிருந்து பிடித்த சரக்குக் கப்பலின் மேல்தட்டைச் சீவிவிட்டு, சில விமானங்கள் ஏறி இறங்கும்படி செய்திருந்தார்கள். கான்வாயோடு போன முதல் எஸ்கார்ட் விமானந்தாங்கி அதுதான். ஒரு வாரம் இரவும் பகலும் சண்டை நடந்தது.

19-ஆம் தேதி விடியற்காலை ஸ்டான்லி என்ற டெஸ்ட்ராயர் டார்பிடோ பட்டு வெடித்தது. அடித்த யூ-574 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை ஸ்டார்க் டெப்த் சார்ஜ் போட்டு மேலே வரவைத்தது. டெப்த் சார்ஜ் என்பது எண்ணெய் பீப்பாய் மாதிரியான குண்டு. எத்தனை அடி ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று திருகி வைத்துத் தள்ளிவிடுவார்கள். மேலே வந்த நீர்மூழ்கி வட்டம் அடித்து ஓடியது. ஸ்டார்க் அதன் வட்டத்துக்குள்ளேயே துரத்தியது. 11 நிமிஷம். கடைசியில் பீரங்கியின் குழாயை அதற்கு மேல் கீழே சாய்க்க முடியாத அளவுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டார்கள். பீரங்கிக்காரர்கள் முஷ்டியை ஆட்டித் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வாக்கரே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அப்புறம் முட்டி மூழ்கடித்தார். ஸ்டார்க்கின் மூக்கு வளைந்தது, அடியில் இருந்த ஆஸ்டிக்கும் நொறுங்கியது.

அந்தப் பயணத்தில் ஜெர்மானியர்கள் ஐந்து நீர்மூழ்கிகளை இழந்தார்கள். அவற்றில் ஒன்றில் இருந்தவர் அவர்களுடைய பேர்போன கேப்டன்களில் ஒருவரான எண்ட்ராஸ். 32 சரக்குக் கப்பல்களில் மூழ்கியது இரண்டுதான். கான்வாய் தோற்றுக்கொண்டே இருந்த அந்த வருஷத்தில் இது நம்ப முடியாத கணக்கு. ஆனால் 21-ஆம் தேதி இரவு ஆடாசிட்டியும் டார்பிடோவில் போனது.

அதைப் பற்றி வாக்கர் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இரவில் ஆடாசிட்டி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர் ஒரு யோசனை சொன்னார். அதன் கேப்டன் வேறு பக்கம் போனார். துணைக்கு ஒரு கார்வெட் கேட்டார். வாக்கரால் கொடுக்க முடியவில்லை. சட்டப்படி பார்த்தால் வாக்கர் மேல் தப்பே இல்லை. ஆனால் நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கப்பல் போனதற்குப் பழி என்னுடையது என்று அறிக்கையில் எழுதினார். எழுதியது பாராட்டு மழை பொழிந்துகொண்டிருந்த நேரத்தில். வருஷக்கணக்கில் காத்திருந்த பதவி உயர்வு கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றபோது.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி என்று சொல்லவும் மாட்டேன். அவர் உருவாக்கிய ஒரு தற்காப்பு முறைக்குத் தன் மனைவியின் செல்லப் பெயரை வைத்திருந்தார், பட்டர்கப் என்று. கான்வாயில் ஒரு கப்பல் அடிபட்டால் எல்லா எஸ்கார்ட்டும் வெளிப்பக்கம் பாய்ந்து வெளிச்சக் குண்டு போட்டுத் தேட வேண்டும். 1942 தொடக்கத்தில் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியும் அவரிடம் வேலை பார்த்த கடற்படைப் பெண்களும் தரையில் சாக்பீஸால் கடலை வரைந்து, இந்தச் சண்டைகளை மறுபடி மறுபடி ஆடிப் பார்த்தார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். வெளியே தேடுவது வீண், நீர்மூழ்கி இரவில் கான்வாயின் உள்ளேயே புகுந்து அடிக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். பட்டர்கப்புக்குப் பதிலாக வேறு முறை வந்தது.

அட்லாண்டிக் சண்டையை லிவர்பூலிலிருந்து நடத்திய நிலவறைத் தலைமையகம் இப்போது அருங்காட்சியகம். டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் அடியில் இருக்கிறது. சிலையைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போனேன். ஒரு சுவர் முழுக்க அட்லாண்டிக் வரைபடம், அதில் சாய்த்து வைத்த உயரமான ஏணிகள். பெண்கள் அந்த ஏணியில் ஏறி ஒவ்வொரு கான்வாயையும் நகர்த்தி வைப்பார்களாம். ஹாலிஃபேக்ஸிலிருந்து நாங்கள் வந்த பாதையை அந்தச் சுவரில் விரலால் தடவிப் பார்த்தேன்.

1942 நடுவில் வாக்கர் கேப்டன் ஆனார். கொஞ்ச காலம் கரையில் வேலை. 1943-இல் ஸ்டார்லிங் என்ற புது ஸ்லூப்பும் இரண்டாவது சப்போர்ட் குழுவும் கிடைத்தன. வைல்டு கூஸ், உட்பெக்கர், கைட், ரென், சிக்னெட் என்று எல்லாம் பறவைப் பெயர்கள். இந்தக் கப்பல்களின் வகையை ஆங்கிலேயர்கள் பிளாக் ஸ்வான் என்பார்கள். அதே வகையில் நம் கடற்படைக்கும் கட்டினார்கள். கோதாவரி, நர்பதா, கிஸ்ட்னா, காவேரி. ஸ்டார்லிங் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நம் காவேரியின் அக்கா மாதிரி இருக்கும்.

சப்போர்ட் குழு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எஸ்கார்ட் கப்பலுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தாலும் ரொம்ப நேரம் அதோடு நிற்க முடியாது. கான்வாய் போய்க்கொண்டே இருக்கும், அதை விட்டுவிட்டு நிற்பது ஆபத்து. இரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓடிப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். நீர்மூழ்கிக்காரர்களுக்கும் இது தெரியும், ஆழத்தில் போய்ப் பேசாமல் இருப்பார்கள். சப்போர்ட் குழு எந்தக் கான்வாயோடும் கட்டுப்பட்டதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். இந்த நேரம்தான் வாக்கர் கேட்டதும் அவருக்குக் கிடைத்ததும்.

1943 ஜூன் 1-ஆம் தேதி காலை யூ-202 அவரிடம் மாட்டியது. முந்தின வருஷம் அமெரிக்காவின் லாங் ஐலண்ட் கரையில் நாசவேலைக்காரர்களை இறக்கிவிட்ட அதே நீர்மூழ்கி. டெப்த் சார்ஜ் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. வாக்கர் அடிப்பதை நிறுத்திவிட்டார். மேலே நின்றுகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நீர்மூழ்கிக்கு ஓட பேட்டரி வேண்டும், ஆட்களுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். இரண்டும் தீர்ந்தால் மேலே வந்தாக வேண்டும். பகல் போனது, மாலை போனது. நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்களில் அது தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. ஏறக்குறைய 15 மணி நேரம். 18 பேர் செத்தார்கள், 30 பேரைக் கரையேற்றினார்கள்.

அந்த 15 மணி நேரத்தை நான் கீழேயிருந்து யோசித்துப் பார்ப்பேன். நான் கீழே வேலை பார்த்தவன். தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எதிரிகள், எங்களைப் போன்றவர்களை ஆயிரக்கணக்கில் மூழ்கடித்தவர்கள். ஆனாலும் அந்த இருட்டில், விளக்கைக் குறைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுவிடக் காற்று கனத்துப்போய்ப் படுத்துக் கிடந்த பையன்களை நினைத்தால் வயிறு பிசைகிறது. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்களில் நாலில் மூன்று பேர் திரும்பவில்லை.

இனி வாக்கரின் முக்கியமான கண்டுபிடிப்பு. இதை ஊர்ந்து போய் அடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்டிக் என்பது கப்பலின் அடியிலிருந்து ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, பட்டுத் திரும்புகிற எதிரொலியைக் கேட்கிற கருவி. இன்றைய சோனாரின் முன்னோடி. டார்ச் வெளிச்சம் மாதிரி சாய்வாக முன்பக்கம் போகும். நீர்மூழ்கி ஆழத்தில் இருந்து, கப்பல் அதன் தலைக்கு மேலே நெருங்கி வந்தால், ஒலி அதன் மேல் விழாது. கடைசிச் சில நூறு கெஜம் கப்பல் குருடு. குண்டோ பின்பக்கத்திலிருந்து விழும், 700 அடி இறங்க முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஆகும். கீழே இருப்பவன் கப்பலின் புரொப்பல்லர் வேகம் பிடிப்பதைக் கேட்டு, சரியான நேரத்தில் சட்டென்று திரும்பி நழுவிவிடுவான்.

வாக்கர் இரண்டு கப்பல்களை வைத்துக்கொண்டார். ஒன்று ஆயிரம் கெஜத்துக்கு மேல் தள்ளி நின்று ஆஸ்டிக்கை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். கீழே இருப்பவனுக்குக் கேட்பது அந்தச் சத்தம் மட்டும்தான். தூரத்தில் இருக்கிறான், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். இரண்டாவது கப்பல் தன் ஆஸ்டிக்கை நிறுத்திவிட்டு, 5 நாட் வேகத்தில், ஆள் மெதுவாக ஓடுகிற வேகம்தான், ஊர்ந்து ஊர்ந்து அவன் தலைக்கு மேல் வரும். நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று அந்தக் கப்பலுக்குத் தெரியாது. முதல் கப்பலில் இருந்து வாக்கர் சைகை கொடுப்பார், கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, இப்போது போடு. 26 குண்டுகள் ஒவ்வொன்றாக, ஆழமாக வெடிக்கும்படி திருகி வைத்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவும். பெரும்பாலும் ஸ்டார்லிங் வழிகாட்டும், வெமிஸ் என்பவரின் வைல்டு கூஸ் ஊர்ந்து போகும்.

முட்டி மோதிய யூ-574 கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்த ஊர்கிற கப்பல்தான் வாக்கர். எதிராளி எதைக் கேட்கிறான் என்று இருபது வருஷம் யோசித்த ஒருவருக்குத்தான் இது தோன்றும். புதுக் கருவி எதுவும் இல்லை, கூடுதல் செலவு இல்லை. இருக்கிற இரண்டு கப்பல், இருக்கிற அதே குண்டு.

1943 ஜூலை 30-ஆம் தேதி பிஸ்கே விரிகுடாவில் மூன்று நீர்மூழ்கிகள் ஒரே நாளில் மூழ்கின. இரண்டு விமானங்களுக்கு இரையாயின, மூன்றாவதான யூ-504 வாக்கர் குழுவுக்கு. துரத்தத் தொடங்கும்போது பாய்மரக் காலத்தில் பறந்த ஒரு சிக்னல் கொடியை அவர் ஏற்றினார். எல்லோரும் துரத்துங்கள் என்று அர்த்தம். குழு உற்சாகத்தில் இருந்தது. வெற்றியோடு லிவர்பூல் திரும்பும்போது ஒலிபெருக்கியில் வேட்டைப் பாட்டு போடுவது அவர்கள் வழக்கம்.

அடுத்த சில நாட்களில் பார்த்தியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி மத்தியதரைக் கடலில் காணாமல் போனது. அதில் வாக்கரின் மகன் டிமத்தி இருந்தான்.

நீர்மூழ்கிகளைத் தேடித் தேடி அழித்த மனிதரின் மகன் ஒரு நீர்மூழ்கியில். இதை எழுதும்போது என் கை நிற்கிறது, எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். கரையில் இருக்கிற ஒரு தகப்பனுக்கு நீர்மூழ்கி காணாமல் போவது என்றால் என்ன என்று சரியாகத் தெரியாது, அது ஒரு வரித் தந்தி. வாக்கருக்கு ஒவ்வொரு நொடியும் தெரியும். தகடு எந்த ஆழத்தில் முறியும், காற்று எத்தனை மணி நேரம் வரும், உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்பதைக் கணக்குப் போடுவதுதான் அவர் தொழில்.

அவர் மறுபடியும் கடலுக்குப் போனார். நவம்பர் 6-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு நீர்மூழ்கிகள். 1944 ஜனவரி 31-இலிருந்து பிப்ரவரி 19 வரை, இருபது நாளில் ஆறு. ஆறாவதான யூ-264-இல் இருந்தவர்கள் எல்லோரையும் உயிரோடு மீட்டார்கள். மற்ற ஐந்திலும் ஒருவர் மிஞ்சவில்லை. அந்தப் பயணத்தில் உட்பெக்கர் டார்பிடோவில் பின்பக்கத்தை இழந்து, இழுத்துக்கொண்டு வரும்போது வழியில் மூழ்கியது. மீதிக் கப்பல்கள் மெர்சி ஆற்றுக்குள் வந்தபோது கடற்படை அமைச்சரே கிளாட்ஸ்டன் டாக்கில் வந்து நின்றார். அந்தப் படகுத்துறையிலிருந்து நாங்கள் சரக்கு இறக்கிய சீஃபோர்த் டாக் நடக்கிற தூரம்தான்.

அப்புறம் ஆர்க்டிக் கான்வாய். மே மாதம் யூ-473-ஐ 18 மணி நேரம் தேடி முடித்தார்கள். ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டியில் படைகள் இறங்கியபோது, ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாசலில் நீர்மூழ்கிகள் உள்ளே நுழையாதபடி காவல். தூக்கம் என்பது கப்பலை நடத்துகிற மேல்தளமான பிரிட்ஜில் நின்றபடி கிடைக்கிற கொஞ்சம்தான். வாரக்கணக்கில். எங்கள் வேலையில் ஆறு மணி நேரம் தொடர்ந்து நின்றாலே கால் மரத்துப்போகும். அந்த மனிதருக்கு அப்போது 48 வயது.

ஜூலை தொடக்கத்தில் கரைக்கு வந்தார். இரண்டு நாள் ஓய்வில் உடம்பு முடியாமல் போனது. மூளை ரத்தக் குழாயில் அடைப்பு. 1944 ஜூலை 9-ஆம் தேதி சீஃபோர்த்தில் இருந்த கடற்படை மருத்துவமனையில் இறந்தார். அளவுக்கு மீறிய உழைப்புதான் காரணம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்தக் குண்டும் அவர் மேல் படவில்லை. அவர் தலைமையில் இருந்த கப்பல்கள் ஏறக்குறைய இருபது நீர்மூழ்கிகளை மூழ்கடித்திருந்தன. அந்தப் போரில் வேறு எந்த பிரிட்டிஷ் அதிகாரியும் அந்தக் கணக்கை எட்டவில்லை.

லிவர்பூல் கதீட்ரலில் ஆயிரம் பேர் கூடினார்கள். ஊர்வலமாக டாக் வரை கொண்டு போனார்கள். ஹெஸ்பெரஸ் என்ற டெஸ்ட்ராயரில் ஏற்றி, லிவர்பூல் விரிகுடாவில் கடலுக்குக் கொடுத்தார்கள். ஸ்டார்லிங், வைல்டு கூஸ் எதுவும் அங்கே இல்லை. அவர் கப்பல்களெல்லாம் அப்போது கடலில் வேட்டையில் இருந்தன.

நாங்கள் லிவர்பூலை விட்டுக் கிளம்பிய அன்று மதியம் என் வாட்ச். துறைமுகத்திலிருந்து வழிகாட்ட வந்த பைலட் இன்னும் இறங்கவில்லை. ஸ்டாண்ட் பை, எந்த உத்தரவு வந்தாலும் எஞ்சின் தயாராக இருக்க வேண்டிய நேரம். அண்ணாச்சி இரண்டாம் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்தார். ஊரில் பார்த்த சிலையைப் பற்றி, அந்த இரைச்சலுக்குள் அவர் காதருகே கத்திக் கத்திச் சொன்னேன். ஊர்ந்து போன கப்பலைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். மகனைப் பற்றியும் சொன்னேன்.

"பையன் போனப்புறமும் கப்பலுக்குப் போனாரா தம்பி?"

"போனார் அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விரிகுடாவைத் தாண்டி பிரிட்ஜிலிருந்து ஃபுல் அவே, அதாவது இனி முழு வேகம், என்று சொன்னார்கள். லாக் புத்தகத்தில் நேரத்தை எழுதினேன்.